தையற்சிட்டையும் தேசி வண்ணத்துப்பூச்சியையும் ஒப்பிடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

வன்னியில் தேசிமரம் (எலுமிச்சை) இல்லாத வளவு குறைவு. அந்த மரத்திலேயே தையற்சிட்டு இலைகளைத் தைத்துக் கூடு கட்டும். கறுப்பில் இளமஞ்சள் புள்ளி போட்ட தேசி வண்ணத்துப்பூச்சி முட்டையும் இடும். பாடசாலை ஒப்படைக்கு இரண்டையும் ஒப்பிடுவது நல்ல தெரிவு. ஆனால் பறக்கும் குருவிக்குப் பக்கத்தில் பறக்கும் பூச்சியை வைத்து, அதோடு ஒப்பீட்டை முடித்துவிடுகிறோம். பெரிய பிழை அதுதான்.

செட்டை வந்த பிறகு வண்ணத்துப்பூச்சி வளர்வதே இல்லை. வளர்ச்சி முழுவதும் புழுப் பருவத்தில்தான். ஆகவே புழுவைக் குஞ்சோடு ஒப்பிடுங்கள். குஞ்சுக்குத் தாயும் தகப்பனும் இரை ஊட்டும். புழுவுக்கு அப்படி ஒருவரும் இல்லை. தாய்ப்பூச்சி முன்னங்காலால் இலையைத் தட்டிச் சுவை பார்க்கும், சரியான தளிரில் ஒவ்வொரு முட்டையாக வைக்கும், போய்விடும். பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டிய காட்சி இது.

இலையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கிடப்பதையெல்லாம் குருவி எச்சம் என்று எழுதிவிடாதீர்கள். இளம் புழு அச்சு அசலாக எச்சம் போலவே இருக்கும். குருவியின் கண்ணுக்குத் தப்பத்தான் அந்த வேடம். கடைசித் தோலுரிப்போடு பச்சையாகி இலையோடு இலையாகிவிடும். ஈர்க்கால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறக் கவைக்கொம்பு வெளியே வரும், கூடவே ஒரு நெடியும்.

அளவிலும் கவனம் தேவை. தையற்சிட்டு 13 செ.மீ. என்பது அலகு நுனியிலிருந்து வால் நுனி வரை. பூச்சிக்குச் சொல்லும் 8 முதல் 10 செ.மீ. விரித்த செட்டைகளின் அகலம். இரண்டையும் ஒரே நிரலில் போட்டால் கணக்குப் பிழைக்கும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் சிட்டின் வால் நீளுவதையும் மறக்க வேண்டாம்.

செட்டையும் அப்படித்தான். குருவியின் செட்டைக்குள் எலும்பும் தசையும் உண்டு, இறகு உதிர்ந்தால் புதிது முளைக்கும். பூச்சியின் செட்டை வெறும் சவ்வு. விரலில் ஒட்டுகிற பொடி அதன் செதில், திரும்ப முளைக்காது. பிடிக்காமலே பாருங்கள்.

அப்புறம், புழு இலையைத் தின்கிறதென்று மருந்து அடிப்பது. தையற்சிட்டு குஞ்சுக்கு ஊட்டுவதே புழு பூச்சிகளைத்தான். வளர்ந்த மரம் சில புழுக்களைத் தாங்கும். சின்னக் கன்று என்றால் புழுவை எடுத்துப் பெரிய தேசியில் விடுங்கள். அந்தப் பெரிய மரத்தில் தைத்த கூடு இருந்தால் கிளையை வளைக்காமல், எட்ட நின்றே படம் எடுங்கள்.