கதவு லாட்ச் மாற்றுவதும் கார் ஏசி சர்வீஸும்: மூடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கார்க் கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் ஓங்கி அடிப்பது, ஏசி குளிரவில்லை என்றால் "கொஞ்சம் கேஸ் போட்டுவிடுங்கள்" என்பது. இந்த இரண்டு பழக்கங்களும் சின்னப் பழுதைப் பெரிய செலவாக மாற்றக்கூடியவை. லாட்ச் (கதவைப் பிடித்துப் பூட்டும் பாகம்) வேலையைப் பொறுமையுள்ள யாரும் வீட்டு வாசலிலேயே ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் முடிக்கலாம். ஏசியில் பாதி வேலை நம் கையில், மறுபாதி கருவி வைத்திருப்பவர் கையில். அந்த மறுபாதியில் என்ன நடக்கவேண்டும் என்று தெரிந்திருந்தால்தான் கடையில் நின்று கேள்வி கேட்க முடியும்.

லாட்ச்: கெட்டது எது என்று முதலில் பாருங்கள்

கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, கதவின் ஓரத்தில் தெரியும் லாட்ச் வாயில் ஸ்க்ரூடிரைவரை வைத்து உள்ளே தள்ளுங்கள். கவை போன்ற இரும்புத் துண்டு சுழன்று "டக்", "டக்" என்று இரண்டு முறை சொடுக்கும். முதல் சொடுக்கு பாதிப் பூட்டு, இரண்டாவது முழுப் பூட்டு. இப்போது வெளிக் கைப்பிடியை இழுத்தால் கவை துள்ளித் திறக்கவேண்டும். மறுபடி பூட்டி, உள் கைப்பிடியிலும் இதையே செய்யுங்கள். இரண்டிலும் திறக்கவில்லை என்றால் பழுது லாட்ச்சில். ஒன்றில் மட்டும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் அந்தப் பக்கத்து கேபிளோ, கம்பியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்போதான் போயிருக்கும். சில ரூபாய் கிளிப்புக்காக முழு லாட்ச்சை மாற்றிவிட வேண்டாம். பின்கதவு உள்ளிருந்து மட்டும் திறக்கவில்லை என்றால், முதலில் குழந்தைப் பூட்டு நெம்பைப் பாருங்கள்.

கவை மெதுவாகத் திரும்பினால் உள்ளே பழைய கிரீஸும் தூசியும் பசையாக இறுகியிருக்கிறது. துருநீக்கி ஸ்பிரே அடித்துக் கழுவி, காய்ந்த பிறகு வெள்ளை லித்தியம் கிரீஸ் வையுங்கள். ஸ்பிரேயோடு நிறுத்திவிட்டால் ஒரு மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும், ஏனென்றால் அது அழுக்கைக் கரைக்குமே தவிர உராய்வைத் தாங்காது. கவையின் முனை தேய்ந்திருந்தாலோ, பூட்டிய பிறகு கையால் அசைத்தால் நழுவினாலோ, சென்ட்ரல் லாக் மோட்டார் முனகிவிட்டு நின்றாலோ, கதவு சாத்தியும் "கதவு திறந்திருக்கிறது" விளக்கு அணையாவிட்டாலோ மாற்றுவதுதான் வழி. பல கார்களில் மோட்டாரும் அந்தச் சின்ன சுவிட்சும் லாட்ச்சுக்குள்ளேயே இருப்பதால் தனியாகக் கிடைக்காது.

பாதிப் பூட்டில் கார் ஓட்டுவதை யாரும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கதவுப் பூட்டுகளுக்காக 2004இல் வந்த முதலாவது உலகத் தொழில்நுட்ப விதிமுறை, முழுப் பூட்டு 11,000 நியூட்டன் இழுவிசையைத் தாங்கவேண்டும் என்கிறது. பாதிப் பூட்டுக்குக் கேட்பது 4,500 நியூட்டன் மட்டுமே. மோதலில் கதவு திறந்துகொண்டால், சீட் பெல்ட் போடாதவர் தூக்கியெறியப்படும் வாய்ப்பு பெருமளவு கூடும். பழைய காரிலிருந்து கழற்றிய லாட்ச்சை நாங்கள் பரிந்துரைக்காததற்கும் இதுவே காரணம். அதன் கவை எவ்வளவு தேய்ந்தது என்று வெளியிலிருந்து தெரியாது.

கழற்றும் வரிசை

வாங்கும்போது இடதா வலதா, முன்னா பின்னா, கனெக்டரில் எத்தனை பின் என்று மூன்றையும் சரிபாருங்கள். பிளாஸ்டிக் நெம்புகோல், ஸ்டார் பிட் டி-30, டி-40, தரமான நட்சத்திர ஸ்க்ரூடிரைவர், உடைந்தால் போட பத்துப் பன்னிரண்டு டிரிம் (கதவின் உள்பக்க மூடுபலகை) கிளிப், கொஞ்சம் நீல நிற திருகுப்பசை ஆகியவையும் கையில் இருக்கட்டும்.

கண்ணாடியை முழுக்க மேலே ஏற்றிவிட்டு, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி சில நிமிடம் காத்திருங்கள். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள கார்களில் அதன் சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கலாம். கைப்பிடிக் குழிக்குள்ளும், சின்ன மூடிகளுக்குப் பின்னாலும், கீழ்ப் பையின் அடியிலும் ஒளிந்திருக்கும் திருகுகளை எடுத்த பிறகு, கீழ் மூலையிலிருந்து நெம்பிக்கொண்டே வாருங்கள். கிளிப்புகள் விட்டதும் டிரிம்மை வெளியே இழுக்காமல் மேல்நோக்கித் தூக்கவேண்டும். கண்ணாடி ஓரத்தில் அது கொக்கிபோல மாட்டியிருக்கும், வெளியே இழுத்தால் உடையும். கண்ணாடி சுவிட்ச் கனெக்டரையும் கைப்பிடி கேபிளையும் விடுவிக்காமல் டிரிம்மைத் தொங்கவிடாதீர்கள்.

உள்ளே பிளாஸ்டிக் தாள் ஒன்று கறுப்புப் பசையால் ஒட்டியிருக்கும். அதைக் கிழிக்காமல் பசையோடு உரித்து வையுங்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைநீர் காருக்குள் வராமல் தடுப்பது இந்தத் தாள்தான். வேலை முடித்த மாதம் கால்மிதி ஈரமானால் காரணத்தை இங்கே தேடுங்கள்.

லாட்ச்சில் எந்தக் கம்பி எந்தத் துளையில், எந்தப் பக்கமாக மாட்டியிருக்கிறது என்று கழற்றுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சந்தையில் சென்ட்ரல் லாக் போட்ட கார்களில் தனி மோட்டார் ஒன்று கம்பியைக் கவ்விப் பிடித்திருக்கும். அது பிடித்த இடத்தைப் பேனாவால் குறித்துவிடுங்கள். கிளிப்பை இழுக்காமல் முதலில் சுழற்றி, பிறகு கம்பியை நழுவவிடுங்கள். கண்ணாடி ஓடும் சட்டம் லாட்ச்சுக்கு வழி மறித்தால், அதன் கீழ்த் திருகை மட்டும் தளர்த்தி ஒதுக்கினால் போதும்.

கதவு ஓரத்தில் பொதுவாக மூன்று திருகுகள் இருக்கும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தொழிற்சாலையில் திருகுப்பசை போட்டு இறுக்கியவை என்பதால், தேய்ந்த பிட்டை வைத்துத் திருப்பினால் தலை வழிந்துவிடும். பிட்டைத் தலையில் நன்றாகப் பதியவைத்து, பின்னால் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, உடல் எடையைக் கொடுத்து அழுத்தித் திருப்புங்கள். பிடிவாதம் செய்தால் இம்பாக்ட் ஸ்க்ரூடிரைவர்.

புது லாட்ச்சைப் பொருத்தும்போது மூன்று திருகுகளையும் கையால் தொடங்கி, பிறகு மாறிமாறி இறுக்குங்கள். எல்லாக் கம்பியும் கனெக்டரும் மாட்டிய பிறகு, கதவைச் சாத்தாமல், தொடக்கத்தில் செய்த ஸ்க்ரூடிரைவர் சோதனையை மறுபடி செய்யுங்கள்: உள் கைப்பிடி, வெளிக் கைப்பிடி, சாவி, பேட்டரியை இணைத்துவிட்டு ரிமோட், பின்கதவானால் குழந்தைப் பூட்டு. ஒவ்வொன்றிலும் கவை திறக்கவேண்டும். ஒரு கம்பியை மாட்ட மறந்து கதவைச் சாத்திவிட்டால், சாத்திய கதவில் டிரிம்மைக் கழற்றவேண்டியிருக்கும். ஐந்து நிமிடச் சோதனையைத் தவிர்த்ததற்குப் பாதி நாள் போய்விடும், டிரிம்மும் தப்பாது.

பிறகு மெதுவாகச் சாத்திப் பாருங்கள். கதவு மேலேறியோ கீழிறங்கியோ சாத்தினால் தூணில் இருக்கும், லாட்ச் கவ்விப் பிடிக்கும் ஸ்ட்ரைக்கர் வளையத்தைச் சரிசெய்யவேண்டும். அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, திருகுகளை லேசாகத் தளர்த்தி, ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்தாதீர்கள். கீல் தேய்ந்து கதவே தொங்கிப்போயிருந்தால் ஸ்ட்ரைக்கரை நகர்த்துவது நோயை மறைக்கும் வேலை. புது லாட்ச்சும் சீக்கிரம் தேயும்.

ஏசி: நீங்களே செய்யக்கூடியவை

குளிர் குறைந்ததும் கேஸைச் சந்தேகிக்கும் முன் நான்கு இடங்களைப் பாருங்கள். டாஷ்போர்டுக்குள் இருக்கும் காற்று ஃபில்டர் அடைத்திருந்தால் காற்றின் வேகமே குறையும். ரேடியேட்டருக்கு முன்னால் நின்று கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரில் பூச்சியும் மண்ணும் அப்பியிருந்தால் குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள். உயரழுத்தத் தண்ணீர் அதன் மெல்லிய தகடுகளை மடக்கிவிடும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று கண்டென்சரை அரிப்பதால் அடிக்கடி கழுவுவது உண்மையிலேயே பலன் தரும். ஏசி போட்டதும் முன் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றால் வெக்கை வந்தால் ஃபேன் அல்லது கண்டென்சர்தான் முதல் சந்தேகம். கார் உள்ளே தண்ணீர் தேங்கினால் கூலிங் காயிலின் வடிகுழாய் அடைத்திருக்கும்.

பானெட்டுக்குள் கை வைக்கும்போது துப்பட்டா, வேட்டி நுனி, கழுத்து அடையாள அட்டை எதுவும் தொங்கக்கூடாது. மின்சார ஃபேன் சொல்லாமல் சுற்றத் தொடங்கும். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிட்டு ஏசி பார்க்கவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கேஸ் பாதை

இந்தியச் சாலைகளில் இன்று ஓடும் பெரும்பாலான கார்களின் ஏசியில் இருப்பது ஆர்-134ஏ என்ற குளிரூட்டும் கேஸ். திரவமாகக் கையில் பட்டால் மைனஸ் 26 டிகிரியில் கொதித்துத் தோலை உறையவைக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் ஹோஸ் மாட்ட வேண்டாம். தீயில் பட்டால் இது சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற கொடிய நச்சாகும். ஆகவே பக்கத்தில் பீடி, சிகரெட், வெல்டிங் எதுவும் கூடாது. காற்றில் திறந்துவிடுவதும் தவறு: நூறாண்டுக் கணக்கில் இதன் ஒரு கிலோ, ஏறத்தாழ 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். பழைய கேஸைக் கருவியால் உறிஞ்சி எடுத்து, எடை பார்த்து வைக்கும் கடையைத் தேடுங்கள். அந்த எடையே எவ்வளவு கசிந்தது என்று சொல்லிவிடும்.

அழுத்தம் காட்டும் கேஜின் முள்ளை மட்டும் பார்த்து அளவு சொல்பவரை நம்பாதீர்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது, 30 டிகிரி வெப்பத்தில் கேஜ் சுமார் 97 பி.எஸ்.ஐ. காட்டும். உள்ளே 150 கிராம் இருந்தாலும் 450 கிராம் இருந்தாலும் இதே 97தான். சமையல் சிலிண்டரில் கேஸ் தீரும் தறுவாய் வரை அடுப்பு ஒரே மாதிரி எரிவதில்லையா, அதே கதை. ஓட்டத்தில் வரும் அழுத்தமும் வெயிலையும் ஃபேனையும் எஞ்சின் வேகத்தையும் பொறுத்து மாறும். சரியான வழி, முழுக்க எடுத்துவிட்டு, பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எடையைத் தராசில் வைத்து ஏற்றுவது. கூடுதலாகப் போட்டால் குளிர் கூடாது, குறையும். உயர் அழுத்தம் ஏறி கம்ப்ரசர் திணறும்.

கேஸ் தானாகத் தீராது. ஆண்டுதோறும் போடவேண்டியிருந்தால் எங்கோ கசிகிறது. எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரியும் மூட்டில் தேடத் தொடங்குங்கள். கசிவு பார்க்க உலர்ந்த நைட்ரஜனை ரெகுலேட்டர் வழியாக 150 பி.எஸ்.ஐ. வரை ஏற்றிச் சோப்பு நுரை தடவவேண்டும். டயருக்கு அடிக்கும் காற்றை ஏற்றுவது ஈரத்தை உள்ளே அனுப்பும். அழுத்தத்தில் ஆர்-134ஏயும் காற்றும் கலந்தால் தீப்பிடிக்கவும் கூடும். ஆக்சிஜன் சிலிண்டரை இந்த வேலைக்குத் தொடவே கூடாது, எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். கசிவடைக்கும் திரவங்களும் வேண்டாம். அவை கேஸை விரியவிட்டுக் குளிரவைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வையும், அடுத்துக் கேஸ் உறிஞ்சும் கருவியையும் அடைத்துவிடும்.

எந்த மூட்டைத் திறந்தாலும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) புதிது, ஆர்-134ஏவுக்கு ஏற்றது, ஏசி எண்ணெய் தடவியது. அமைப்பு நீண்ட நேரம் திறந்திருந்தால் ஈரத்தை உறிஞ்சும் டிரையரும் புதிது. கண்டென்சர் மாற்றினால் அதோடு வெளியேறிய எண்ணெய்க்கு ஈடாகப் பொதுவாக 30 முதல் 40 மில்லி சேர்ப்பார்கள். காரின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுதான் சரி. திறந்து வைத்த எண்ணெய் டப்பா காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும் என்பதால் பாதி மீந்த பழைய டப்பாவை வேண்டாம் என்று சொல்லுங்கள். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது. அங்கே வழக்கமான பி.ஏ.ஜி. எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் மின்காப்பு கெடும். ஆரஞ்சு நிற வயர் தெரிந்தால் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள்.

அடுத்து வேக்குவம், அதாவது பம்ப் வைத்து உள்ளே இருப்பதை உறிஞ்சி வெற்றிடமாக்குவது. பலர் பத்து நிமிடத்தில் முடிப்பது இந்தக் கட்டத்தைத்தான். காற்றை எடுப்பது பாதி வேலை, தண்ணீரைக் கொதிக்கவைத்து எடுப்பது மறுபாதி. 30 டிகிரியில் தண்ணீர் கொதிக்க வேக்குவம் கேஜில் 28.7 அங்குலத்தை (பாதரச அளவு) தாண்டவேண்டும், தாண்டியபின் நேரமும் கொடுக்கவேண்டும். 30 முதல் 45 நிமிடம் ஓடட்டும். (ஊட்டியில் காற்றழுத்தமே குறைவு என்பதால் கேஜ் 23 அங்குலத்தை ஒட்டி நின்றுவிடும், பம்ப் கெட்டதாக நினைக்க வேண்டாம்.) பிறகு வால்வுகளை மூடி, பம்பை நிறுத்தி, கால் மணி நேரம் முள்ளைப் பாருங்கள். முள் பூஜ்ஜியத்தை நோக்கி ஏறினால் கசிவோ ஈரமோ பாக்கி. அந்த நிலையில் கேஸ் போடுவது காசை ஊற்றுவது. கதவைச் சாத்தும் முன் ஸ்க்ரூடிரைவரால் பார்த்ததுபோல, இங்கே இந்தக் கால் மணி நேரம்.

ஏற்றும்போது எஞ்சின் ஓடினால் நீல ஹோஸின் தாழ்வழுத்தப் பக்கம் மட்டும், கேன் நிமிர்ந்த நிலையில். கவிழ்த்தால் திரவம் போய் கம்ப்ரசரை உடைக்கும். எஞ்சின் ஓடும்போது சிவப்புப் பக்க வால்வைத் திறந்தால் உயர் அழுத்தம் கேனுக்குள் பாய்ந்து அது வெடிக்கலாம். கேனை லைட்டரால் சூடாக்குவதும் அதே ஆபத்து. வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் போதும்.

சந்தேகமான மலிவுக் கேனைத் தவிர்க்கச் சொல்வது கஞ்சத்தனத்தைக் குறை சொல்ல அல்ல. போலிக் கேஸில் கலந்த மெத்தில் குளோரைடு அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டால் தானே தீப்பற்றும் சேர்மத்தை உண்டாக்கும். 2011இல் வியட்நாமிலும் பிரேசிலிலும் குளிர்பதனக் கப்பல் கொள்கலன்கள் வெடித்து ஊழியர்கள் இறந்தது இப்படிப்பட்ட போலிக் கேஸால்தான்.

முடிந்ததும், 35 டிகிரி வெயிலில் தாழ்வழுத்தம் 30–45, உயரழுத்தம் 200–250 பி.எஸ்.ஐ. அளவில் இருப்பது வழக்கம். இரண்டும் உயர்ந்தால் கேஸ் கூடுதல், உள்ளே காற்று, அல்லது ஃபேன் பழுது. தாழ்வழுத்தம் ஏறி உயரழுத்தம் இறங்கினால் கம்ப்ரசர் பலவீனம். தாழ்வழுத்தம் வேக்குவத்துக்கே போனால் எக்ஸ்பான்ஷன் வால்வில் அடைப்பு, பெரும்பாலும் எடுக்காமல் விட்ட ஈரம் பனியாகி நின்றது. சர்வீஸ் போர்ட்டுகளின் மூடிகளைத் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். அவை வெறும் தூசி மூடி அல்ல, கசிவையும் தடுப்பவை.

கடைசியில் பானெட். 20–30 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தானாக விழவிடுங்கள். பிறகு முன் விளிம்பைத் தூக்கிப் பாருங்கள், அசையக்கூடாது. உள்ளேயுள்ள கைப்பிடியை இழுத்து, பாதுகாப்புக் கொக்கி தனியாகப் பிடித்து நிற்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிட்டு மீண்டும் மூடுங்கள். ஏசி வேலையில் அந்தக் கொக்கியில் மண்ணும் கழுவிய தண்ணீரும் இறங்கியிருக்கும்; ஒரு துளி கிரீஸ் அதற்கும் வையுங்கள்.