நம் எம்.பி. எப்படி வாக்களித்தார்? நாமே தேடிப் பார்க்கும் வழி

திருக்கடலூரில் எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு நான் செயலாளர். சங்கத்தின் கணக்குக் கொப்பியோடு இன்னொரு சீ.ஆர். கொப்பியும் என்னிடம் இருக்கிறது. திருகோணமலை மாவட்டத்தின் நான்கு பாராளுமன்ற உறுப்பினர்களும் எந்தச் சட்டமூலத்துக்கு எப்படி வாக்களித்தார்கள், எங்கே என்ன பேசினார்கள் என்பதை மட்டும் அதில் எழுதி வருகிறேன்.

அந்தக் கொப்பி தொடங்கியது ஒரு கூட்டத்துக்குப் பிறகு. அந்த நால்வரில் ஒருவர் எங்கள் வாடிக்கு (கரையில் உள்ள மீனவர் கொட்டிலுக்கு) வந்து, ஒரு சட்டமூலத்தின் பெயரைச் சொல்லி, "அதை நான் சபையில் எதிர்த்தேன்" என்றார். எல்லோரும் கை தட்டினோம், நானும் தட்டினேன். இரண்டு வாரம் கழித்து அன்றைய ஹன்சாட்டை, அதாவது பாராளுமன்றப் பேச்சுகளையும் வாக்குகளையும் அச்சிடும் அதிகாரபூர்வ ஏட்டை, எடுத்துப் பார்த்தேன். அவர் எதிர்த்துப் பேசியது உண்மைதான். பேச்சு முழுவதும் அச்சில் இருந்தது. ஆனால் மாலையில் நடந்த வாக்கெடுப்பில் ஆதரித்தவர்களின் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை, எதிர்த்தவர்களின் பட்டியலிலும் இல்லை. பேச்சு வேறு, வாக்கு வேறு என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

முதலில் சட்டமூலத்தின் பெயரையும் வாக்கெடுப்பு நடந்த திகதியையும் சரியாக எடுங்கள். திகதி தெரியாமல் ஹன்சாட்டைத் தேடுவது இரவில் விளக்கில்லாமல் வலை தேடுவது போன்றது. பத்திரிகைகள் "இரண்டாம் வாசிப்பு" என்று எழுதுவதைப் பாராளுமன்ற ஏடுகள் "இரண்டாம் மதிப்பீடு" என்று எழுதும். இரண்டும் ஒன்றுதான். ஒரே சட்டமூலத்துக்கு இரண்டாம் மதிப்பீட்டில் ஒரு வாக்கெடுப்பும், சட்டமூலத்தைப் பிரிவு பிரிவாக ஆராயும் குழுநிலையில் திருத்தங்களுக்குச் சிலவும், மூன்றாம் மதிப்பீட்டில் இன்னொன்றும் நடக்கலாம். எதைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் மதிப்பீட்டில் எதிர்த்தவர் மூன்றாம் மதிப்பீட்டில் காணாமற்போவதும் நடக்கக்கூடியது.

அடுத்து, பாராளுமன்ற இணையத்தளத்தின் தமிழ்ப் பக்கத்தில் அந்தத் திகதிக்குரிய ஹன்சாட்டைத் தரவிறக்குங்கள். உறுப்பினர் எந்த மொழியில் பேசினாரோ அந்த மொழியிலேயே அச்சாகியிருக்கும். ஆகவே நீங்கள் தேடும் பெயரைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு துண்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழைய கோப்புகளில் எழுத்துருக் கோளாறால் கணினித் தேடல் கைகொடுக்காது. பெயர்ப் பட்டியலைக் கண்ணால்தான் ஓடவிட வேண்டும். எனக்குச் சிங்கள எழுத்து தடுமாறும். சங்கப் பொருளாளரின் மகள் பக்கத்தில் இருந்து வாசிப்பாள், நான் கொப்பியில் பதிவேன். முதலில் வருவது பிழை திருத்தப்படாத பிரதி. திருத்திய பிரதி பிறகு வரும். முக்கியமான பதிவென்றால் அதையும் ஒருமுறை சரிபாருங்கள்.

பழகிப் பார்க்க 2020 ஒக்டோபர் 22 ஆம் திகதி ஹன்சாட் நல்லது. அன்றுதான் அரசியலமைப்பின் 20 ஆவது திருத்தம் நிறைவேறியது. ஆதரவாக 156, எதிராக 65. எதிர்க்கட்சியில் தெரிவான 8 பேர் ஆதரவாக வாக்களித்தார்கள், அவர்களில் ஒருவர் நம் மாவட்டத்தவர். பெயரை நான் இங்கே எழுதவில்லை. பட்டியலில் நீங்களே விரல் வைத்துக் கண்டுபிடியுங்கள். ஒருமுறை அப்படித் தேடி எடுத்துவிட்டால் பிறகு கை தானாகப் பழகிவிடும்.

இனி நான் அதிகம் மினக்கெடும் இடத்துக்கு வருகிறேன். ஆதரவையும் எதிர்ப்பையும் கூட்டி, பாராளுமன்றத்தின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையான 225 இலிருந்து கழியுங்கள். 20 ஆவது திருத்தத்தில் மீதி 4. 2024 ஜனவரி 24 இல் நிகழ்நிலைக் காப்பு (இணையப் பாதுகாப்பு) சட்டமூலத்துக்கு ஆதரவாக 108, எதிராக 62, மீதி 55. 2022 ஒக்டோபர் 21 இல் 21 ஆவது திருத்தத்துக்கு ஆதரவாக 179, எதிராக 1, மீதி 45. இந்த மீதிக்குள் சபாநாயகரும் அடக்கம், வாக்குகள் சமமாக வந்தால் மட்டுமே அவர் வாக்களிப்பார். காலியான ஆசனம் இருந்தாலும் இதற்குள்தான் விழும். மற்றவர்கள் வராதவர்கள், அல்லது வந்தும் வாக்களிக்காதவர்கள்.

வராமல் இருப்பதன் பலன் எல்லா வாக்கெடுப்பிலும் ஒன்றல்ல. அரசியலமைப்பைத் திருத்த, வராதவர்களையும் சேர்த்து மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 150 பேர், ஆதரவாக வாக்களிக்க வேண்டும். அங்கே வெளியே நிற்பவர் அந்த 150 ஐ எட்டுவதைக் கடினமாக்குகிறார். சாதாரணச் சட்டமூலத்துக்கோ சபையில் இருந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை போதும். அங்கே எதிர்ப்பதாகச் சொன்னவர் வெளியே நின்றால் எதிர்ப்பு வாக்கு ஒன்று குறைகிறது, சட்டமூலம் இலகுவாகப் போய்விடுகிறது. எங்கள் வாடிக்கு வந்தவர் பேசிய சட்டமூலம் இரண்டாவது வகை. அதனால்தான் என் கொப்பியில் ஆதரவு, எதிர்ப்பு என்ற இரண்டு நிரல்களோடு "பெயர் இல்லை" என்று மூன்றாவது நிரல் ஒன்றும் கோடு போட்டிருக்கிறேன்.

பெயரே கிடைக்காத வாக்குகளும் உண்டு. குரல் வாக்கில் நிறைவேறினால் யார் என்ன சொன்னார் என்ற பட்டியல் இராது. 2022 ஜூலை 20 இல் பாராளுமன்றம் ஜனாதிபதியைத் தெரிவுசெய்தது இரகசிய வாக்கெடுப்பில். ரணில் விக்கிரமசிங்கவுக்கு 134, டலஸ் அழகப்பெருமவுக்கு 82, அநுர குமார திசாநாயக்கவுக்கு 3, நிராகரிக்கப்பட்டவை 4. அன்று யாருக்கு வாக்களித்தேன் என்று ஓர் உறுப்பினர் சொன்னால், அது அவருடைய வாய்ச்சொல். அதை "சொன்னார்" என்று மட்டும் எழுதுங்கள், "வாக்களித்தார்" என்று எழுதாதீர்கள்.

நம் ஊர் விடயங்கள் பலவற்றை வாக்குப் பட்டியலை வைத்து அளக்க முடியாது. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பாருங்கள். 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 99 தாங்கிகளில் 14 இந்தியன் ஒயிலின் துணை நிறுவனமான லங்கா ஐ.ஓ.சி.க்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. இப்படியானவற்றில் ஓர் உறுப்பினரின் நிலைப்பாட்டை அறிய, வாய்மூல விடைக்கான வினாக்களையும் ஒத்திவைப்பு வேளை விவாதங்களையும் தேடுங்கள். அவர் கேட்ட கேள்வி, அமைச்சர் தந்த பதில், திகதி மூன்றையும் எழுதுங்கள். அதே உறுப்பினர் மூதூரிலோ கிண்ணியாவிலோ தமிழில் சொன்னதையும், கொழும்பு ஊடகத்துக்குச் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொன்னதையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒரே கருத்தென்றால் அது அவருக்குப் பெருமை, அதையும் சங்கத்தில் வாசித்துக் காட்டுவேன். முகநூல் பதிவென்றால் திகதி தெரியும்படி படம்பிடித்து வையுங்கள், பதிவுகள் அழிக்கப்படும்.

மந்திரி.எல்கே என்ற தளம் உறுப்பினர்களின் பங்கேற்பை ஹன்சாட்டை வைத்துக் கணக்கிட்டு வரிசைப்படுத்துகிறது. யார் அதிகம் பேசினார் என்று அறிய உதவும். பேசியது நமக்கு நல்லதா கெட்டதா என்பதை நாம்தான் வாசித்து அறிய வேண்டும்.

கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) எம்.பி.க்களும் கலந்துகொள்ளும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டங்களில் என்ன பேசப்பட்டது என்று அறிய, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலருக்கு எழுதிக் கூட்டக் குறிப்பைக் கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவெடுக்க வேண்டும். கடிதத்தின் பிரதியையும் பதிவுத் தபால் துண்டையும் கொப்பியில் ஒட்டுங்கள்.

ஒருவரின் பெயர் இல்லை என்று கண்டவுடன் ஊரெல்லாம் சொல்லிவிடாதீர்கள். வைத்தியசாலையில் இருந்திருக்கலாம், வீட்டில் மரணம் நடந்திருக்கலாம். முதலில் அவரிடமே கேளுங்கள். அந்த உறுப்பினருக்கு நான் எழுதிய கடிதம் நான்கு வரிதான்: திகதி, சட்டமூலம், வாடியில் அவர் சொன்ன வசனம், பட்டியலில் பெயர் இல்லாததற்குக் காரணம் என்ன என்ற கேள்வி. ஒன்பதாம் நாள் தொலைபேசியில் பேசினார். அன்று மாலை வேறொரு சந்திப்புக்காக முன்னரே புறப்பட்டுவிட்டதாகச் சொன்னார். "ஐயா, நீங்கள் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளட்டுமா?" என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "எழுதுங்கள்" என்றார். மூன்றாவது நிரலில் அவர் பெயருக்கு நேரே, திகதியோடு எழுதினேன்.