ஊரில் அரிவாள் வாங்குவதற்கு முன்

போன முறை ஊருக்குப் போனபோது திருப்பாச்சேத்தியில் ஓர் அரிவாள் வாங்கினேன். லண்டன் வீட்டுத் தோட்டத்துக்கு. பட்டறைக்காரர் அலகைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே சாக்கு போட்டுக் கட்டிவிட்டு, என் பெயர், முகவரி, போன் நம்பர் கேட்டார். முதலில் சங்கடமாக இருந்தது. வாங்குவோர் விவரத்தைப் பட்டறைகள் குறித்து வைக்க வேண்டும் என்று 2021-ல் காவல்துறை சொன்னதன் தொடர்ச்சி அது. தயங்காமல் கொடுங்கள், பில்லும் கேட்டு வாங்குங்கள்.

வீட்டுக்கும் வயலுக்குமென்றே செய்த கத்தி, அரிவாள்மனை எல்லாம் ஆயுதக் கணக்கில் வராது. மற்றபடி அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் 2016 ஆயுத விதிகளின் பட்டியலில் வந்துவிடும். கட்டிய சாக்கைப் பிரிக்காமல் நேராக வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள். இரவில் வாகனச் சோதனையின்போது சீட்டுக்கடியில் சாக்கு சுற்றாத அரிவாள் கிடந்தால், ‘தோட்டத்துக்கு’ என்ற பதில் எடுபடாது.

அமெரிக்காவிலிருந்து வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே 1791 முதல் அரசியலமைப்பிலேயே இருக்கும் ஆயுத உரிமை இந்தியாவில் இல்லை. இங்கே இருப்பது தற்காப்பு உரிமை. தாக்க வருபவரைத் தடுக்கலாம், அதற்காக முன்கூட்டியே ஆயுதத்தோடு திரிய முடியாது. துப்பாக்கிக்கு உரிமம் கட்டாயம், இலங்கையிலும் அப்படித்தான்.

திரும்பும்போது கத்தி எதுவானாலும் செக்-இன் பெட்டியில்தான். பிரிட்டனில் 50 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமுள்ள வளைந்த வாளுக்கு 2008 முதல் தடை உண்டு. நீண்ட வீச்சரிவாளையும் சுங்கத்தில் அந்தக் கண்ணோடு பார்க்கலாம், அதனால் சின்னதாக வாங்குங்கள். உள்ளே கத்தி ஒளித்த கைத்தடி வேண்டவே வேண்டாம், அதுவும் அங்கே தடை.

அப்புறம், பூட்டிக் கிடக்கும் பூர்வீக வீடு. பரணில் தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தால் அதோடு போட்டோ எடுத்துப் பகிராதீர்கள். உரிமம் அவர் பெயரில் இருந்தது, வீட்டின் பெயரில் அல்ல. அவர் இல்லாத பிறகு அதை அப்படியே வைத்திருப்பது குற்றம். முதலில் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, பழைய உரிமப் புத்தகத்தோடு அங்கேயோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படையுங்கள். தோட்டாக்களையும் சேர்த்துத்தான். ரசீதை வாங்கி, ஊரில் இருக்கும் சித்தப்பாவிடமோ மாமாவிடமோ ஒரு நகல் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.