தேவன் நம்மை அறிந்திருக்கிறார் என்பதை ஜெபத்தில் பழகுவது எப்படி?

தேவன் உலகத்தை ஆளுகிறார் என்று தயக்கமின்றி அறிக்கையிடுகிற பலருக்கும், அவர் தங்களைத் தனிப்பட்ட முறையில் கவனிக்கிறார் என்று நம்புவது கடினமாயிருக்கிறது. உணர்ச்சி பொங்கும் வேளைக்காகக் காத்திருப்பதைவிட, வேதத்தின் சில பகுதிகளை நிதானமாக வாசித்து, அவற்றையே ஜெபமாக்கிப் பழகுவது உறுதியான வழி என்பது என் கருத்து.

ஆதியாகமம் 16-ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்குங்கள். அங்கே ஆபிராமும் அவன் மனைவி சாராயும் தங்கள் பணிப்பெண் ஆகாரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அடிமைப்பெண் என்கிறார்களே தவிர, ஒருமுறைகூட அவள் பெயரைச் சொல்வதில்லை. சாராயிடமிருந்து ஓடிப்போன அவளை வனாந்தரத்தில் கண்ட கர்த்தருடைய தூதனானவரே பெயர் சொல்லி அழைத்து, எங்கேயிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று கேட்கிறார். ஜெபிக்க அமரும்போது இந்த இரண்டு கேள்விகளுக்கும் உங்கள் பதிலை, அலங்காரமின்றி, வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அடுத்து, வேண்டுதலைத் தெளிவாக்குங்கள். பர்திமேயு பார்வையற்றவன் என்பது கண்டவுடன் தெரியக்கூடியது. ஆயினும் அவனுக்கு என்ன வேண்டும் என்பதை அவன் வாயாலேயே சொல்லும்படி இயேசு கேட்டார் (மாற்கு 10). ஆகவே “எங்களை ஆசீர்வதியும்” என்ற பொதுவான சொல்லோடு நின்றுவிடாமல், எந்தக் காரியத்தில், யாருக்காக, எதற்குப் பயந்து கேட்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

அடைக்கலான் குருவிகளைப் பற்றிய வசனத்தில் சற்று அதிக நேரம் தங்குவது நல்லது, ஏனெனில் பெரும்பாலும் அது பாதி மட்டுமே வாசிக்கப்படுகிறது. மத்தேயு 10-இல் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். லூக்கா 12-இல் இரண்டு காசுக்கு ஐந்து, அதாவது விலையில்லாமல் கொசுறாகச் சேர்க்கப்பட்ட அந்த ஐந்தாவது குருவியும் மறக்கப்படுவதில்லை. ஆனால் குருவிகள் விழவே விழாது என்று இயேசு சொல்லவில்லை; பிதாவின் சித்தமில்லாமல் விழாது என்கிறார். துன்புறுத்தலுக்குள் அனுப்பப்படவிருந்த சீஷர்களிடம் பேசும்போதுதான் தலைமயிரெல்லாம் எண்ணப்பட்டிருக்கிறது என்ற வார்த்தையும் வருகிறது. எனவே இதை ஆபத்து நேராது என்பதற்கான உத்தரவாதமாகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். அப்படிப் பிடித்தவர்கள் முதல் நோயிலோ இழப்பிலோ தேவன் தங்களைக் கைவிட்டார் என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

சங்கீதம் 139-ஐ வாசிக்கும்போது, முழுமையாக அறியப்படுவது ஆறுதலாக மட்டுமே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உம்முடைய சமுகத்தைவிட்டு எங்கே ஓடுவேன் என்று கேட்கும் சங்கீதக்காரன், கடைசியில்தான் தன்னை ஆராய்ந்து பார்க்கும்படி தானே வேண்டுகிறான். அந்த வேண்டுதலை உண்மையாய்ச் சொல்ல மனம் வராத நாளில், அதைச் சொல்ல முடியவில்லை என்பதையே ஜெபமாகச் சொல்லலாம். மறக்கப்பட்டதாகவே உணர்கிறவர்களுக்கு ஆறே வசனங்கள் கொண்ட சங்கீதம் 13 இருக்கிறது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்ற முறையீடும் வேதத்தில் ஜெபமாகவே இடம்பெற்றிருக்கிறது.

பிறருடைய சாட்சியோடு உங்கள் அனுபவத்தை ஒப்பிடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். யோவான் 21-இல் பேதுரு மற்றொரு சீஷனைச் சுட்டிக்காட்டி, இவன் காரியம் என்ன என்று கேட்டபோது, அதனால் உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றி வா என்பதே இயேசுவிடமிருந்து அவனுக்குக் கிடைத்த பதில்.