கைவிடப்பட்ட பைத்தான் கருவியைப் பராமரிப்புக்கு எடுப்பது எப்படி?

கடைசி வெளியீடு வந்து நான்கைந்து வருடம் ஆகியிருக்கும். ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பின் தலையில், டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் டிராவிஸ் சிஐ சேவையின் பட்டை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். அது காட்டும் பழைய இலவசத் தளமோ 2021 ஜூனிலேயே மூடப்பட்டுவிட்டது. பைத்தான் 3.12-இல் நிறுவப் போனால் பிழை. ஆனாலும் ஊரெல்லாம் அந்தக் கருவியைத்தான் பில்டில் (மென்பொருளைக் கட்டியெழுப்பும் படியில்) ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இப்படி ஒன்றை எடுத்து நடத்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

முதலில் கருவி கைவிடப்பட்டதா, அல்லது வேலை முடிந்து நிற்கிறதா என்று பாருங்கள். சின்னக் கருவிக்கு இரண்டு வருடம் கமிட் (நிரல் மாற்றப் பதிவு) வராததில் தவறே இல்லை. இன்றைய பைத்தானில் ஓடவில்லை, பிறர் அனுப்பும் திருத்தங்களான புல் ரெக்வெஸ்ட்டுகள் சரியாக இருந்தும் பதில் இல்லை என்றால்தான் அது கைவிடப்பட்டது. ஃபோர்க் (கருவியைப் பிரதியெடுத்துத் தனியே நடத்தும் கிளை) பட்டியலையும் பாருங்கள், உங்களுக்கு முன்பே ஒருவர் தொடங்கியிருக்கலாம். பதிப்பு எண்ணை ஏற்றும் பம்ப்வெர்ஷன் கருவி நின்றபோது அதன் ஃபோர்க்காகப் பம்ப்2வெர்ஷன் வந்தது. அதுவும் ஓய்ந்தபின் பம்ப்-மை-வெர்ஷன் வந்தது. நடக்கிற ஃபோர்க் இருந்தால் அங்கேயே போய்ச் சேர்ந்துகொள்வது மேல்.

அடுத்தது உரிமம். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி போன்ற தளர்வான உரிமம் என்றால் சிக்கல் இல்லை. பழைய பதிப்புரிமை வரியை அழிக்காமல் அதன் கீழே உங்கள் வரியைச் சேருங்கள். உரிமக் கோப்பும் இல்லை, செட்டப் கோப்பிலும் ஒரு சொல் இல்லை என்றால் அங்கேயே நில்லுங்கள். எழுதியவரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அதை மறுபடி வெளியிட உங்களுக்கு உரிமை கிடையாது. திருத்திய நிரலையும் அதே உரிமத்தில் தரச் சொல்லும் ஜிபிஎல் உரிமத்தில் உள்ள கருவியை நீங்கள் மட்டும் முடிவுசெய்து எம்ஐடிக்கு மாற்றவும் முடியாது. பங்களித்த எல்லோரும் சம்மதிக்க வேண்டும்.

உரிமையாளருக்கு எழுதுதல்

பலர் சறுக்குவது இங்கேதான். ரெப்போ என்பது நிரல் இருக்கும் களஞ்சியம். "ரெப்போவை எனக்குக் கொடுங்கள்" என்று முன்பின் தெரியாதவர் கேட்டால் யாரும் தயங்குவார்கள், தயங்கவும் வேண்டும். 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் உலகின் என்பிஎம் தொகுப்பை, உதவுகிறேன் என்று வந்தவரிடம் பழைய பராமரிப்பாளர் நல்லெண்ணத்தில் ஒப்படைத்தார். வந்தவர் சேர்த்த ஒரு சார்புத் தொகுப்பு, கோபே என்ற பிட்காயின் வாலட்டைக் குறிவைத்த திருட்டு நிரலாக இருந்தது. 2024 மார்ச்சில் வெளியே தெரிந்த, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியின் விவகாரத்தில், இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்தவர்தான் 5.6.0, 5.6.1 வெளியீடுகளில் பின்கதவு வைத்தார். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று உரிமையாளருக்குத் தெரியாது. அதனால் வேலையை முதலில் பொதுவில் செய்து காட்டுங்கள். கேட்பதைச் சிறிதாகக் கேளுங்கள். கடிதம் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். உங்கள் கருவியை எங்கள் பில்டில் தினமும் ஓட்டுகிறோம். பைத்தான் 3.12-இல் அது நிறுவப்படவில்லை. 3.12-இல் நீக்கப்பட்ட இம்ப் என்ற பகுதியைச் செட்டப் கோப்பு இழுப்பதுதான் காரணம். அதைச் சரிசெய்த ஃபோர்க் இதோ, எல்லா டெஸ்ட்டும் தேறுகின்றன. உங்களுக்கு நேரமில்லை என்றால் மெர்ஜ் செய்யும் (திருத்தங்களைச் சேர்க்கும்) அனுமதி மட்டும் போதும், வெளியீடு உங்கள் கையிலேயே இருக்கட்டும். வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள், வேறு பெயரில் நடத்திக்கொள்கிறோம்."

பைத்தான் தொகுப்புகள் வெளியாகும் பைபிஐ தளத்தில் அதன் பக்கத்தில் உள்ள மின்னஞ்சல், நிரல் வரலாற்றைக் காக்கும் கிட் பதிவில் கடைசி கமிட்டில் உள்ள முகவரி, கிட்ஹப் இஷ்யூ (பிழைப் புகார்) என மூன்று வழியிலும் அனுப்பி, தேதியைக் குறித்து வையுங்கள். பின்னால் இதுவே சான்று.

அவர் சம்மதித்தால், தனிநபர் கணக்கிலேயே கொலாபரேட்டராகச் சேர்ந்து நின்றுவிடாதீர்கள். அந்த நிலையில் ரெப்போவின் செட்டிங்ஸில் பெரும்பாலானவை உங்களுக்குத் திறக்காது. ஒரு கிட்ஹப் ஆர்கனைசேஷன் தொடங்கி, அவரையும் அதில் ஓனராக வைத்து, ரெப்போவை அங்கே மாற்றச் சொல்லுங்கள். இஷ்யூக்களும் நட்சத்திரங்களும் கூடவே வரும், பழைய இணைப்புகள் புது இடத்துக்குத் திரும்பும். பழைய கணக்கில் அதே பெயரில் இன்னொரு ரெப்போ உருவாக்கினால் அந்தத் திருப்பல் அறுந்துவிடும். இதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பைபிஐ-யில் 'மெயின்டெய்னர்' பொறுப்பு இருந்தால் வெளியீடு ஏற்றலாம். ஆட்களைச் சேர்க்க 'ஓனர்' பொறுப்பு வேண்டும்.

பதிலே வரவில்லையா? பெப் 541 என்ற விதி இதற்காகவே இருக்கிறது. உரிமையாளரை எட்ட முடியவில்லை, 12 மாதமாக வெளியீடு இல்லை, திட்டப் பக்கத்திலும் அவர் நடமாட்டம் இல்லை என்றால் பெயரை மாற்றித் தரக் கேட்கலாம். நீங்கள் தொடர்புகொள்ள முயன்றதற்குச் சான்று, உங்கள் ஃபோர்க்கில் செய்த மேம்பாடுகள், வேறு பெயரில் வெளியிடுவது ஏன் போதாது என்ற விளக்கம் ஆகிய மூன்றும் கேட்பார்கள். பைபிஐ நிர்வாகிகளும் தங்கள் பங்குக்கு ஆறு வாரத்தில் மூன்று முறையாவது அவரைத் தொடர்புகொண்டு பார்ப்பார்கள். வாரக்கணக்கில் ஆகலாம் என்ற கணக்கில் இருங்கள்.

காத்திருக்க முடியாதென்றால் புதுப் பெயர்தான். கோப்புகளைப் பட்டியலிடும் எக்ஸா என்ற கருவி நின்றபோது இசா அப்படித்தான் 2023-இல் வந்தது. எக்ஸாவின் ரீட்மீயே இப்போது அதைக் கைகாட்டுகிறது. கிட்ஹப் ஃபோர்க்கில் இஷ்யூ பகுதி தொடக்கத்தில் அணைந்திருக்கும், டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் ஆக்ஷன்ஸும் அப்படியே. இரண்டையும் நீங்களே திறக்க வேண்டும். நிரலில் கருவியை அழைக்கும் இம்போர்ட் பெயரைப் பழையபடியே வைத்தால் பயனர்களுக்கு வசதிதான். ஆனால் பழையதும் புதியதும் ஒரே சூழலில் நிறுவப்பட்டால், தொகுப்புகளை நிறுவும் பிப் எச்சரிக்காது: ஒன்றின் கோப்புமேல் மற்றது எழுதும், ஒன்றை நீக்கினால் இரண்டும் உடையும். ரீட்மீயில் "முதலில் பழையதை நீக்குங்கள்" என்று எழுதுங்கள்.

நிரலைத் தொடும் முன்

பைபிஐ-யில் உள்ள கடைசி சோர்ஸ் தொகுப்பை இறக்கி, அதே எண்ணுள்ள கிட் டேக்குடன் (பதிப்பு அடையாளத்துடன்) கோப்புவாரியாக ஒப்பிடுங்கள். எக்ஸ்இசட் பின்கதவை இயக்கிவிடும் பகுதி கிட்டில் இல்லை, வெளியிட்ட சுருக்கிய 'டார்' தொகுப்பில் மட்டுமே இருந்தது. வேறுபாடு பெரும்பாலும் அப்பாவித்தனமானதாகவே இருக்கும், உதாரணமாக டேக் போட மறந்த ஒரு கமிட். எதுவானாலும் எது மூலம் என்று இப்போதே முடிவாகிவிடும்.

பிறகு சாவிகள். வெளியீடு ஏற்றப் பயன்பட்ட பழைய ஏபிஐ டோக்கன்களை ரத்துசெய்யச் சொல்லுங்கள். ஓனர்களில் யாருடைய மின்னஞ்சலாவது காலாவதியான டொமைனில் இருக்கிறதா என்று பாருங்கள். 2022 மே மாதம் சிடிஎக்ஸ் என்ற தொகுப்பு அப்படித்தான் பறிபோனது. டொமைனை வாங்கியவர் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டார். இனி வெளியீட்டுக்கு 2023-இல் பைபிஐ கொண்டுவந்த ட்ரஸ்டட் பப்ளிஷிங் போதும். கிட்ஹப் ஆக்ஷன்ஸ் நேரடியாக ஏற்றும், நிரந்தர டோக்கன் எங்கும் கிடக்காது.

ஓட வைத்தல்

முதலில் டெஸ்ட்டுகள் தேறும் ஒரு பழைய பைத்தானைக் கண்டுபிடியுங்கள், 3.8 டாக்கர் இமேஜ் (தயாராகக் கிடைக்கும் தனிச் சூழல்) பெரும்பாலும் போதும். அங்கே எல்லாம் பச்சையான பிறகு ஒவ்வொரு பதிப்பாக ஏறுங்கள். நேராக 3.13-க்குத் தாவினால் எந்தப் பிழை எதனால் என்று பிரிக்க முடியாது. 3.10-இல் கலெக்ஷன்ஸ் என்ற பகுதியிலிருந்து நேரடியாக மேப்பிங் எடுப்பது உடையும். அதை கலெக்ஷன்ஸ் டாட் ஏபிசி-க்கு மாற்றுங்கள். 3.12-இல்தான் அடி பலமாக விழும், பைத்தானுடன் வந்த பழைய பகுதிகள் போய்விட்டன: டிஸ்ட்யூட்டில்ஸ் இல்லை, இம்ப் இல்லை, சேஃப்கான்ஃபிக்பார்ஸர் இல்லை. கடைசியது, பதிப்பு எண்ணைக் கணிக்கும் பழைய வெர்ஷனியர் கோப்பில் ஒளிந்திருக்கும். இன்னொன்று அதிகம் குழப்பும்: 3.12 முதல் புது விர்ச்சுவல் சூழலில் செட்டப்டூல்ஸ் என்ற நிறுவல் தொகுப்பு தானாக வராது. கருவி நல்லபடி நிறுவப்படும், ஓட்டியதும் செட்டப்டூல்ஸில் உள்ள 'பிகேஜி ரிசோர்சஸ்' இல்லை என்று விழும். அதை இம்போர்ட்லிப் மெட்டாடேட்டாவால் மாற்றுங்கள்.

இந்தக் கட்டத்தில் முழு நிரலுக்கும் பிளாக் போன்ற ஃபார்மேட்டரை (எழுத்தமைப்பைச் சீராக்கும் கருவியை) ஓட்டாதீர்கள். திறந்திருக்கும் எல்லாப் புல் ரெக்வெஸ்ட்டும் ஒரே நொடியில் முரண்படும். வருடக்கணக்கில் காத்திருந்தவர்களின் உழைப்பு அது. சிறியதும் டெஸ்ட் உள்ளதுமானவற்றை முதலில் மெர்ஜ் செய்யுங்கள். நீங்களே திருத்தி எடுக்க நேர்ந்தால் எழுதியவர் பெயர் கமிட்டில் நிற்க வேண்டும். பழைய இஷ்யூக்களைத் தானாக மூடும் 'பாட்' (தானியங்கி) ஒன்றையும் போடாதீர்கள். பிழை அப்படியே இருக்கும், சொன்னவர்தான் போய்விடுவார்.

முதல் வெளியீட்டில் ஒத்தியங்கும் திருத்தங்கள் மட்டும் போகட்டும், புது வசதி ஒன்றும் வேண்டாம். மாற்றப் பதிவின் முதல் வரியில் பராமரிப்பு கைமாறியதை எழுதுங்கள். முதலில் ஆர்சி1 என்ற சோதனை முன்வெளியீட்டை ஏற்றி இரண்டு வாரம் விடுங்கள். நிலையான வெளியீடு ஒன்று ஏற்கெனவே இருந்தால் முன்வெளியீட்டைப் பிப் தானாக எடுக்காது, கேட்டவருக்கே போகும். எந்தப் பைத்தான் வேண்டும் என்று சொல்லும் 'ரெக்வயர்ஸ் பைத்தான்' வரியைச் சரியாக வைத்தால் பழைய பைத்தானில் இருப்பவர்களுக்குப் பழைய வெளியீடே கிடைக்கும். ஏற்றியது உடைந்திருந்தால் அழித்துவிட்டு அதே பெயரில் மறுபடி ஏற்ற முடியாது. பைபிஐ அந்தக் கோப்புப் பெயரை நிரந்தரமாகப் பூட்டிவிடும். அதை 'யாங்க்' செய்து (பிப் தானாக எடுக்காதபடி விலக்கி) அடுத்த எண்ணில் வெளியிடுங்கள்.

வெளியீடு நிலைத்ததும் ஹோம்பிரூ, கொண்டா-ஃபோர்ஜ், டெபியன் போன்ற பிற விநியோகங்களுக்காக இதைத் தொகுப்பவர்களுக்குப் புது முகவரியைத் தெரிவியுங்கள். அதே வாரத்தில் இரண்டாவது ஆள் ஒருவரைப் பைபிஐ-யில் ஓனராக்குங்கள். வெளியிடும் முறையை ரெப்போவிலேயே ஒரு கோப்பாக எழுதி வைத்து, அடுத்த வெளியீட்டை அதைப் பார்த்து அவரே செய்யட்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்துங்கள்.