15 வருடம் தாண்டிய பைக்கை எஃப்.சி.யில் ஒரே நடையில் தேற்ற

15 வருடம் ஆன பைக்குக்கு எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, எடுப்பதைப் பற்றி டீக்கடையில் பேசினால் இரண்டு கட்சி கிளம்பும். 15 வருடம் ஆகிவிட்டால் வண்டியை ஆக்கர் கடைக்குத்தான் (பழைய இரும்புக் கடைக்குத்தான்) தள்ளவேண்டும் என்பது ஒன்று. ஆளைப் பிடித்தால் போதும், வண்டி எப்படி இருந்தாலும் காகிதம் வீட்டுக்கு வரும் என்பது இன்னொன்று. இரண்டையும் நம்பாதீர்கள். 15 வருடம் ஆன பெட்ரோல் வண்டி ஓடக்கூடாது என்ற பேச்சு டெல்லி வட்டாரத்துக்குப் போட்ட உத்தரவிலிருந்து கிளம்பியது, 2023 ஏப்ரலிலிருந்து அரசு வண்டிகளுக்கு 15 வருடத்துக்கு மேல் புதுப்பிப்பு இல்லை என்று வந்ததும் அது இன்னும் பரவிவிட்டது. நம் சொந்த பைக்குக்கு அப்படி இல்லை. ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) 15 வருடம் செல்லும், அப்புறம் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி எஃப்.சி. எடுத்தால் ஐந்து வருடம், அது முடிந்தால் இன்னொரு ஐந்து. இதற்கிடையில் அடிக்கடி வருவது புகைச் சான்றிதழ். பி.எஸ். 4, பி.எஸ். 6 என்ற புதிய புகை விதிப்படி வந்த வண்டிக்கு அது ஒரு வருடம், நாம் பேசும் பழைய வண்டிகளுக்கு ஆறே மாதம்.

என்னுடையது 2008-ல் எடுத்த 100 சிசி, டிஎன் 74, நாகர்கோவில் பதிவு. 2023-ல் முதல் எஃப்.சி.க்குக் கொண்டுபோகும் முன் பிஸ்டன் ரிங், கிளட்ச் பிளேட், கார்புரேட்டர் என்று இன்ஜினுக்கே காசைக் கொட்டினேன். வண்டி பூனை மாதிரி சத்தமில்லாமல் நின்றது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் இரண்டே நிமிடம்தான் பார்த்தார். பிரேக் லைட் எரியவில்லை, நம்பர் பிளேட்டில் எழுத்து கோணல், சேஸ் நம்பர் (ஃபிரேமில் அடித்திருக்கும் எண்) படிக்க முடியவில்லை, சரிசெய்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். திரும்பி வந்து சொன்னதும் வடசேரிப் பக்கத்து மெக்கானிக் அண்ணாச்சி சிரித்தார். "மக்கா, இன்ஜின அவரு எதுக்கு கேக்கப்போறாரு, கண்ணுல படுறதத்தான பாப்பாரு, கேட்டியா?"

அதுதான் விஷயம். ஓரளவு கவனித்து ஓட்டிய பழைய பைக் இன்ஜினால் திரும்பி வருவதை நான் பார்த்ததே இல்லை, பத்து ரூபாய் பல்பாலும் காகிதத்தாலும்தான் திரும்பும். நம் குமரி மாவட்டத்தில் உப்பும் அதோடு சேர்ந்துகொள்கிறது. குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலோரமாக ஓடுகிற வண்டிக்கும் குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மலையோரமாக ஓடுகிற வண்டிக்கும் ஒரே வயது இருந்தாலும் ஒரே உடம்பு இருக்காது. போதாததற்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் ஒரு மழை.

முதலில் காகிதத்தை எடுத்து வையுங்கள். ஆர்.சி. முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், அரசின் பரிவாகன் இணையதளத்தில் படிவம் 25. கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து பைக்குக்கு 1,000 ரூபாய், 20 வருடம் தாண்டியதற்கு 2025 ஆகஸ்டிலிருந்து 2,000. பசுமை வரி தனி. தேதியைத் தவறவிட்டால் மத்திய விதிப்படி மாதத்துக்கு 300 ரூபாய் மேலே ஏறும். வளைகுடாவுக்குப் போய்விட்டு இரண்டு வருடம் கழித்து வந்து வண்டி மேல் கிடக்கும் தார்ப்பாயைத் தூக்குகிறவர்களுக்கு இது நல்ல அடி, அதனால் ஊரில் இருக்கும்போதே தேதியைப் பார்த்துவிட்டுப் போங்கள். இன்சூரன்ஸும் புகைச் சான்றும் வண்டியைக் காட்டுகிற அன்றைக்கு உயிரோடு இருக்கவேண்டும், நேற்று முடிந்திருந்தாலும் ஆகாது.

ஆர்.சி.யை ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள், யாரும் படிப்பதில்லை. கடன் எப்போதோ முடிந்திருக்கும், ஆனால் ஃபைனான்ஸ் பெயர் அப்படியே இருக்கும். படிவம் 35-இல் அவர்களிடம் கையெழுத்தும் தடையில்லாச் சான்றும் வாங்கி முதலில் அதை நீக்குங்கள். அப்பா பெயரில் இருக்கிறது, அப்பா இல்லை என்றால் படிவம் 31 போட்டு உங்கள் பெயருக்கு மாற்றும் வேலை முதலில். ஆர்.சி.யில் கறுப்பு, வாசலில் நிற்பது சிவப்பு என்றால் அதற்கும் பதில் சொல்லவேண்டிவரும். ஓ.டி.பி. எந்த போனுக்குப் போகிறது என்றும் பாருங்கள், பத்து வருடத்துக்கு முன் தூக்கிப்போட்ட சிம்முக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இனி வண்டி. சேஸ் நம்பரிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் சரிசெய்ய அதிக நாள் இழுப்பது இதுதான். பெரும்பாலான 100 சிசி வண்டிகளில் ஹேண்டில் பார் திரும்பும் அந்தத் தலைக்குழாயின் வலப்பக்கம் அடித்திருப்பார்கள். ஹேண்டிலை இடது பக்கம் முழுக்க ஒடித்து, வயர் கட்டை ஒதுக்கினால் தெரியும். தெரியவேண்டும். என் வண்டியில் அந்த இடத்தில் 15 வருடச் சேறும் துருவும் சேர்ந்து பக்கு கட்டிக்கிடந்தது. அவசரப்பட்டு எமரித்தாளையோ கம்பி பிரஷையோ வைத்துத் தேய்த்துவிடாதீர்கள், துருவோடு நம்பரும் போய்விடும். மண்ணெண்ணெய் நனைத்த துணியை அரைமணி நேரம் அதன்மேல் சுற்றி வைத்துவிட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் மெல்லத் தேய்த்தால் பக்கு இளகி வரும். துடைத்துக் காயவிட்டு சாக்பீஸைக் குறுக்காக ஓட்டினால் பள்ளத்தில் வெள்ளை இறங்கி எழுத்து துலங்கும். வெள்ளைத்தாளை வைத்து பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுத்து ஆர்.சி.யோடு ஒத்துப்பாருங்கள், இன்ஜின் நம்பரையும் அப்படியே. முடிந்ததும் மேலே கொஞ்சம் வாஸ்லின் பூசிவிடுங்கள். எவ்வளவு செய்தும் நம்பர் படிக்கவில்லை என்றால் லேத்தில் கொடுத்து நீங்களாக அடித்துவிடக்கூடாது, அது குற்றம். ஆர்.டி.ஓ.விடம் எழுதிக்கொடுத்து, அனுமதி வாங்கித்தான் மறுபடி அடிக்கவேண்டும்.

அடுத்து விளக்குகள். அந்தியில் வண்டியின் பின்பக்கத்தைச் சுவரைப் பார்த்து நிறுத்தி முன் பிரேக்கைப் பிடியுங்கள், சுவர் சிவக்கவேண்டும். விட்டுவிட்டு பின் பிரேக்கை மிதியுங்கள், அப்போதும் சிவக்கவேண்டும். ஒன்றில் எரிந்து மற்றதில் எரியாவிட்டால் பல்பு சரி, சுவிட்ச்தான் கெட்டிருக்கிறது. பின் பிரேக் சுவிட்ச், மிதியிலிருந்து ஒரு குட்டி ஸ்பிரிங்கில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த ஸ்பிரிங் துருப்பிடித்து நீண்டுபோயிருந்தால் பத்து நிமிட வேலை. எல்லா விளக்குமே மங்கலாக எரிந்தால் பேட்டரி மாற்ற ஓடாதீர்கள், முதலில் எர்த் வயர் ஃபிரேமில் சேரும் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள், உப்புக்காற்று முதலில் தின்பது அதைத்தான். சுரண்டிப் பளபளப்பாக்கி முறுக்கினாலே என் ஹார்னுக்குக் குரல் திரும்பிவிட்டது. ஹெட்லைட் உள்ளே ரசம் உரிந்திருந்தால் மட்டும் பல்பு மாற்றிப் பயனில்லை, டூமையே (பல்பைச் சுற்றியிருக்கும் கிண்ணத்தையே) மாற்றவேண்டும். இண்டிகேட்டர் நாலும், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர், கண்ணாடி, இவையும் இருக்கட்டும்.

நம்பர் பிளேட்டில் மகள் பெயர், கட்சிக்கொடி, வேளாங்கண்ணி மாதா எதுவும் வேண்டாம். வெள்ளையில் கறுப்பு எழுத்து. 70 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு முன்னால் எழுத்தும் எண்ணும் 30 மில்லிமீட்டர் உயரம், பின்னால் எழுத்து 35, எண் 40. இந்த அளவைச் சொல்லியே எழுதி வாங்குங்கள், ஸ்டிக்கர் கடைத் தம்பி அழகாக வளைத்து எழுதத்தான் பார்ப்பான்.

பின் கேரியர் வைத்தவர்கள் கவனிக்கவும். மீன் பெட்டி ஏற்றவும் ரப்பர் ஷீட் கட்டவும் பற்றவைத்த கம்பிகள் பின் விளக்கையும் நம்பரையும் மறைக்கும், அன்றைக்குக் கழற்றிவிடுங்கள். அதற்கு நேர்மாறாக, சின்னப் பையன்கள் அசிங்கமாக இருக்கிறதென்று சாரி கார்டைக் கழற்றி எறிந்திருப்பார்கள். பின்னால் உட்காருகிறவருக்குக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கிற தடுப்பு, மூன்றுமே சட்டத்தில் இருக்கிறது. பழைய சாமான் கடையில் தேடினால் கிடைக்கும்.

பிரேக் ட்ரம் வைத்த வண்டி என்றால் சக்கரத்தின் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுக்கப் பிடிக்கும்போது அது கோட்டுக்கு வந்துவிட்டால் லைனர் தீர்ந்தது என்று பொருள், கேபிளை முறுக்கிச் சமாளிக்காமல் மாற்றிவிடுங்கள். கோன் செட் (ஹேண்டில் திரும்புகிற பேரிங்) பார்க்க நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவரைப் பின்னால் அமுக்கச் சொல்லி, முன் சக்கரம் தூக்கியபின் ஹேண்டிலை விரல் நுனியால் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் டக்கென்று உட்கார்ந்தால் கோன் செட் போய்விட்டது. டயரின் பள்ளத்துக்குள் அங்கங்கே சின்ன மேடு இருக்கும், டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அந்த டயரோடு போகாதீர்கள். ஸ்போக்குகளை ஸ்பானரால் தட்டிக்கொண்டே வந்தால் தளர்ந்தது மட்டும் மந்தமாகச் சத்தம் கொடுக்கும். செயினுக்கு எண்ணெய் விடுங்கள், அவ்வளவுதான்.

புகைக்குப் பலர் பயப்படுகிறார்கள். தேவையில்லை. 2000 மார்ச் 31-க்குப் பிறகு செய்த நாலு ஸ்ட்ரோக் பைக் என்றால் ஐட்லிங்கில் (ஆக்சிலரேட்டர் முறுக்காமல் இன்ஜின் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 3.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 4,500 பி.பி.எம். வரை விடுவார்கள். இரண்டு ஸ்ட்ரோக்குக்கு அதே 3.5, ஹைட்ரோகார்பன் மட்டும் 6,000. அதற்கும் முந்தைய வண்டிகளுக்கு 4.5 சதவீதமும் 9,000-மும். ஏர் ஃபில்டர் சுத்தமாக இருந்து, சோக் ஆஃபில் இருந்து, பிளக் நுனி காபிப்பொடி நிறத்தில் இருந்தால் இதற்குள் அடங்கிவிடும். பிளக் கரிபிடித்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, மெக்கானிக்கிடம் மிக்ஸர் ஸ்க்ரூவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். முக்கியமாக, வீட்டிலிருந்து தெருமுனை சென்டருக்கு இரண்டு நிமிடத்தில் போய் நிற்காதீர்கள். பார்வதிபுரத்திலிருந்து தக்கலை வரைக்கும் ஓட்டிச் சூடாக்கிவிட்டுப் போனால் அதே வண்டி வேறு எண் காட்டும். சைலன்சரில் ஓட்டை இருந்தால் முதலில் அடைத்துவிடுங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டி என்றால் டாங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிது போடுங்கள், எத்தனால் கலந்த பெட்ரோல் நம் ஊர் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

போகிற அன்றைக்குப் பையில் ஒரு ஹெட்லைட் பல்பு, ஒரு பிரேக் லைட் பல்பு, ஃபியூஸ், 10-12 ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர், கொஞ்சம் இன்சுலேஷன் டேப் இருக்கட்டும். முந்தின நாள் எரிந்த பல்பு வரிசையில் நிற்கும்போது போவது உண்டு. வண்டியைக் கழுவிவிட்டுப் போங்கள், ஆனால் அன்று காலையில் கழுவாதீர்கள், ட்ரம்முக்குள் தண்ணீர் புகுந்தால் பிரேக் வழுக்கும். ஏதாவது குறை சொன்னால் அங்கே நின்று வாதாட வேண்டாம். என்னென்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், பாதி குறை அந்த ரோட்டோரத்திலேயே தீர்ந்துவிடும். நான் இரண்டாம் தடவை போனபோது எனக்கு முன்னால் நின்ற ஒரு பெரியவர், ஹார்ன் அடிக்கவில்லை என்றதும் வண்டியை ஓரமாகத் தள்ளி, கத்தியால் வயர் நுனியைச் சீவிச் சொருகி, பத்து நிமிடத்தில் அடித்துக் காட்டிவிட்டு கையெழுத்து வாங்கிப் போனார்.