நியூஜெர்சியில் ஊர் தேடுகிறீர்களா? விலாசத்தை வைத்து ஒப்பிடும் முறை

ஊர் தேடத் தொடங்கியதும் எல்லோரும் முதலில் ஒரு எக்செல் ஷீட் போடுவார்கள். இடப்பக்கம் எடிசன், பிளெய்ன்ஸ்பரோ, பிரிட்ஜ்வாட்டர் என்று ஊர்ப்பெயர்கள். மேலே சொத்து வரி, ஸ்கூல், ரயில் என்று தலைப்புகள். கோளாறு அந்த இடப்பக்க வரிசையிலேயே இருக்கிறது. இந்த மாநிலத்தில் 21 கவுண்டிகள் (மாவட்டம் மாதிரி), அவற்றுக்குள் 564 முனிசிபாலிட்டிகள் (டவுன்ஷிப், பரோ என்றெல்லாம் பெயர் வைத்த, தனி நிர்வாகமுள்ள ஊர்கள்). தபால் எல்லை ஒரு மாதிரி, வரி எல்லை ஒரு மாதிரி, ஸ்கூல் எல்லை இன்னொரு மாதிரி போகும். அதனால் ஊர்ப்பெயருக்குப் பதிலாக, ஊருக்கு மூன்று வீடுகளின் முழு விலாசத்தை எழுதுங்கள். வாங்கப்போகிற வீடாக இருக்கவேண்டியதில்லை. உங்கள் பட்ஜெட்டில் விற்பனைக்கு வந்திருந்தால் போதும்.

மாநில வருமான வரியையும் விற்பனை வரியையும் ஷீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். விற்பனை வரி 6.625 சதவீதம், கவுண்டியோ ஊரோ அதன்மேல் எதுவும் சேர்ப்பதில்லை. அந்த இரண்டு பத்திகளும் இடத்தைத்தான் அடைக்கும்.

படி 1: விலாசம் எந்த முனிசிபாலிட்டியில் விழுகிறது?

'பிரின்ஸ்டன்' என்று விளம்பரம் வரும் வீடு மெர்சர் கவுண்டியின் வெஸ்ட் வின்ட்சரில் இருக்கலாம், மிடில்செக்ஸ் கவுண்டியின் சவுத் பிரன்ஸ்விக்கில் இருக்கலாம், சாமர்செட் கவுண்டியின் மான்ட்கமரியிலும் இருக்கலாம். கடிதம் வரும் தபால் பெயர் மட்டும்தான் பிரின்ஸ்டன். வரியும் ஸ்கூலும் வேறு. ஐசெலின் என்பது தனி ஊரல்ல, உட்பிரிட்ஜ் டவுன்ஷிப்பின் ஒரு பகுதி. சாமர்செட் என்ற தபால் ஊர் ஃபிராங்க்லின் டவுன்ஷிப்பில் இருக்கிறது. மெட்டச்சனைச் சுற்றி நாலாபுறமும் எடிசன், ஆனால் மெட்டச்சன் தனி பரோ, ஸ்கூலும் தனி. வாஷிங்டன் டவுன்ஷிப் என்ற பெயரில் மட்டும் ஐந்து ஊர்கள் உண்டு. கவுண்டி பெயரைச் சேர்க்காமல் தேடினால் தெற்கு ஜெர்சி வீட்டின் வரியை வடக்கு ஜெர்சிக்குப் போட்டுவிடுவீர்கள்.

சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ள ஒரே வழி சொத்துப் பதிவு. மான்மவுத் கவுண்டி வரி வாரியத்தின் தேடல் பக்கத்தில் மற்ற கவுண்டிகளின் பதிவுகளும் கிடைக்கும். பழைய காலத்துப் பக்கம், கண்ணுக்கு அழகில்லை, ஆனால் எந்த ரியல் எஸ்டேட் ஆப்பையும்விட நம்பலாம். கவுண்டி, இருக்கலாம் என்று நினைக்கிற முனிசிபாலிட்டி, தெருப்பெயர் கொடுங்கள். தெருப்பெயரோடு 'ஸ்ட்ரீட்', 'ரோடு' சேர்க்காமல் தேடுங்கள், சுருக்கெழுத்து பொருந்தாமல் போனால் ஒன்றும் வராது. மனையை அடையாளம் காட்டும் பிளாக் எண், லாட் எண், அசெஸ்மென்ட் (வரிக்காக ஊர் போட்டிருக்கிற வீட்டு மதிப்பு), போன வருட வரி, நான்கையும் ஷீட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: சொத்து வரி விகிதம்

பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு விகிதங்கள் உண்டு. ஜெனரல் டாக்ஸ் ரேட் என்பது அசெஸ்மென்ட்டில் நூறு டாலருக்கு எவ்வளவு வரி என்பது. எஃபெக்டிவ் டாக்ஸ் ரேட் என்பது சந்தை மதிப்பில் நூறு டாலருக்கு எவ்வளவு என்பது. சில ஊர்கள் பல வருடங்களாக வீடுகளை மறுமதிப்பீடு செய்திருக்காது. அங்கே அசெஸ்மென்ட் சந்தை விலையில் பாதிகூட இருக்காது, விகிதமோ மலைபோல் தெரியும். மான்மவுத், சாமர்செட் கவுண்டிகளில் பல ஊர்கள் வருடாவருடம் மறுமதிப்பீடு செய்வதால் அசெஸ்மென்ட் சந்தை விலையை ஒட்டி இருக்கும், விகிதமும் சின்னதாகத் தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு ஊர்கள், இரண்டிலும் 6 லட்சம் டாலர் வீடு. முதல் ஊரின் ஜெனரல் ரேட் 5.80, அசெஸ்மென்ட் சந்தை விலையில் 38 சதவீதம். அசெஸ்மென்ட் 2,28,000 டாலர், வரி 13,224 டாலர். இரண்டாவது ஊரின் ஜெனரல் ரேட் 2.45 மட்டுமே, ஆனால் அசெஸ்மென்ட் 96 சதவீதம். அதாவது 5,76,000 டாலருக்கு வரி, தொகை 14,112 டாலர். விகிதம் பாதிக்கும் கீழே இருக்கிற ஊரில்தான் வரி 888 டாலர் அதிகம்.

மாநில வரித் துறை ஒவ்வொரு வருடமும் கவுண்டி வாரியாக இரண்டு விகிதங்களையும் ஒரே பட்டியலில் வெளியிடுகிறது. எஃபெக்டிவ் பத்தியை மட்டும் எடுங்கள். அதுவும் ஊரின் சராசரிதான். குறிப்பிட்ட வீட்டுக்கு, பதிவில் உள்ள வரியை நீங்கள் கொடுக்கப்போகிற விலையால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைப்பதே உங்கள் விகிதம். வீடு கைமாறியது என்பதற்காக அந்த ஒரு வீட்டின் அசெஸ்மென்ட்டை மட்டும் தனியாக ஏற்ற இந்த மாநிலத்தில் சட்டம் இடம் கொடுப்பதில்லை. கலிஃபோர்னியாவிலிருந்து வருகிறவர்களுக்கு இது புதிதாக இருக்கும்.

வீட்டு விற்பனை விளம்பரத்தில் (லிஸ்டிங்) வரி சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் மூன்று காரணங்களைப் பாருங்கள். விற்பவர் முழு ஊனமுற்ற முன்னாள் ராணுவ வீரராக இருந்து வரிவிலக்கு பெற்றிருக்கலாம். அது உங்களுக்குத் தொடராது. நிலத்துக்கு விவசாய மதிப்பீடு இருக்கலாம். புதிதாகக் கட்டிய வீடாக இருந்தால் காட்டியிருப்பது வெறும் மனைக்கான வரியாக இருக்கலாம்.

சில ஊர்களில் குப்பை அள்ளுவதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும், சில ஊர்களில் வரியிலேயே அடக்கம். இதை அந்த ஊர் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்பதே சுலபம்.

படி 3: ஸ்கூல்

ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (ஒரே நிர்வாகத்தின் கீழ் வரும் ஸ்கூல்களின் வட்டாரம்) எல்லை ஊர் எல்லையோடு ஒத்துப்போகும் என்று எண்ண வேண்டாம். வெஸ்ட் வின்ட்சரும் பிளெய்ன்ஸ்பரோவும் வேறு வேறு கவுண்டிகள், ஆனால் ஒரே டிஸ்ட்ரிக்ட். கிரான்பரியில் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதாவதிலிருந்து பிள்ளைகள் பிரின்ஸ்டன் ஹைஸ்கூலுக்குப் போகிறார்கள். எடிசனில் இரண்டு ஹைஸ்கூல்கள், எதற்குப் போவது என்பதை விலாசம்தான் முடிவு செய்யும்.

பத்துக்கு எட்டு என்று மதிப்பெண் போடும் தளங்களைத் தொடக்கத்தில் வடிகட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முடிவெடுக்க மாநிலக் கல்வித் துறையின் ஸ்கூல் பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்து, மாணவர்களின் வளர்ச்சிப் பகுதியை மூன்று வருடங்களுக்குப் பாருங்கள். உங்கள் விலாசம் எந்த ஸ்கூலின் ஸோனில் வருகிறது என்று டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தில் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். ரியல்டர் (வீட்டுத் தரகர்) வாயால் சொன்னது செல்லாது.

கவுண்டி என்பது வெறும் பெயரல்ல என்பது இங்கேதான் தெரியும். பெர்கன் கவுண்டி அகாடமீஸ், எடிசனில் இருக்கும் மிடில்செக்ஸ் கவுண்டி அகாடமி மாதிரியான தேர்வு வைத்துச் சேர்க்கும் ஹைஸ்கூல்கள் அந்தந்தக் கவுண்டி பிள்ளைகளுக்கானவை. ஆறாம் வகுப்பில் பிள்ளை இருந்தால், தெருவுக்கு எந்தப் பக்கம் கவுண்டி எல்லை போகிறது என்பதே பெரிய கேள்வியாகிவிடும்.

படி 4: ரயிலும் பார்க்கிங்கும்

நியூயார்க்குக்குப் போகிறவர்கள் ரயில் நேரத்தை மட்டும் ஒப்பிடுகிறார்கள். நார்த் ஈஸ்ட் காரிடார் லைனில் மெட்ரோபார்க், மெட்டச்சன், எடிசன், பிரின்ஸ்டன் ஜங்ஷன் எல்லாம் நியூயார்க் பென் ஸ்டேஷனுக்கு நேரடி வண்டி. ராரிட்டன் வேலி லைனில் காலை நெரிசல் நேரத்தில் நியூவார்க்கில் மாற வேண்டும். அந்த மாறுதலுக்குக் குறைந்தது பத்து நிமிடம் சேருங்கள். உண்மையான தலைவலி காரை எங்கே விடுவது என்பதுதான். பல ஸ்டேஷன்களில் பெர்மிட் உள்ளூர்வாசிக்கு முதலில், மற்றவர்களுக்குக் காத்திருப்புப் பட்டியல். வீடு பார்க்கும் முன்பே அந்த ஊரின் பார்க்கிங் அலுவலகத்தில் கேளுங்கள். காரில் போகிறவர்கள் கூகுள் மேப்ஸில் புறப்படும் நேரத்தைச் செவ்வாய் காலை 7.30 என்று வைத்துப் பாருங்கள். ஞாயிறு மதியம் பார்த்த ரூட் 1 நெடுஞ்சாலையை நம்பக்கூடாது.

படி 5: தண்ணீர், ரேடான், கிணறு

ராரிட்டன் ஆற்றை ஒட்டிய மான்வில், 1999-இல் ஃபிளாய்ட் புயலிலும் 2021-இல் ஐடாவிலும் முழுகியது. ஃபீமா (மத்திய பேரிடர் துறை) வெள்ள வரைபடத்தில் விலாசத்தைப் போடுங்கள். வெள்ள அபாயம் குறைவான 'எக்ஸ்' ஸோன் என்று வந்தால் பேஸ்மென்ட்டில் தண்ணீர் வராது என்று பொருளில்லை; சாக்கடை நிரம்பி வீட்டுக்குள் திரும்பி வரும் நீர் அந்த வரைபடத்தில் இல்லை. 2024 மார்ச் 20 முதல் விற்பவரும் வாடகைக்கு விடுபவரும் வெள்ள விவரத்தைச் சொல்லியாக வேண்டும். அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் வெள்ளத்துக்குச் செல்லாது.

ஹன்டர்டன், மெர்சர், சாமர்செட் பக்கம் பாறை காரணமாக ரேடான் (நிலத்தடியிலிருந்து வீட்டுக்குள் கசியும் கதிரியக்க வாயு) அதிகம். ஒரு லிட்டர் காற்றில் 4 பிக்கோகியூரிக்கு (கதிரியக்க அளவு) மேல் போனால் குழாயும் விசிறியும் வைத்துச் சரிசெய்யலாம், அதற்காக ஊரையே விட வேண்டாம். சோதனைக்கு 12 மணி நேரம் முன்பிருந்தே ஜன்னல்கள் மூடியிருக்க வேண்டும். விற்பவர் திறந்துவைத்திருந்தால் அளவு பொய்யாகக் குறையும். ஹன்டர்டன் மாதிரி இடங்களில் கிணற்றுத் தண்ணீரும் செப்டிக் தொட்டியும் சகஜம். பழைய வீடென்றால் வீட்டைச் சூடாக்கப் பயன்பட்ட எண்ணெய்த் தொட்டி மண்ணுக்கடியில் கிடக்கிறதா என்று தனியாக ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை

பெர்கன் கவுண்டியில் ஞாயிற்றுக்கிழமை துணி, மேசை நாற்காலி, எலக்ட்ரானிக்ஸ் விற்கும் கடைகள் மூடியிருக்கும். சட்டமே அப்படி. மளிகை கிடைக்கும். வாரம் முழுக்க வேலை பார்த்து ஞாயிறு மட்டும் கடைக்குப் போகிற குடும்பம் இதை ஷீட்டில் ஒரு பத்தியாகவே சேர்க்கலாம்.

புதிதாகக் கட்டிய வீடு வாங்குகிறவர்களுக்கு: மனை வரியாக வந்த பில்லோடு விஷயம் முடிவதில்லை. வீடு கட்டி முடித்த மாதத்துக்கு அடுத்த மாதத்திலிருந்து கணக்கிட்டு 'ஆடட் அசெஸ்மென்ட்' பில் தனியாக வரும், நவம்பர் 1-க்குள் கட்ட வேண்டும். உங்கள் எஸ்க்ரோ கணக்கு (வரி கட்ட வங்கி மாதாமாதம் பணம் சேர்த்துவைக்கும் கணக்கு) அதைச் சேர்த்து ஒதுக்கியிருக்கிறதா என்று வங்கியில் அக்டோபரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.